ஊர் இல்லா முகவரிகள்

சென்ற பொங்கல் விடுமுறையில், பல்லாண்டுகட்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் தம் இளம் மனைவியுடன் செங்கற்பட்டில் உள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். இருவரும் சென்னையில் பணிபுரிவோர்; சைதாப்பேட்டையில் இரண்டறை வாடகை வீட்டில் குடியிருப்போர். நலம் உசாவி முடிந்ததும், மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை என் முன் விரித்தார்.

"ஐயா! நகரத்திலேயே இருந்துவிடுவதா, கடன் பெற்றுப் புறநகரில் ஒரு வீடு வாங்குவதா என்று ஆறு திங்களாக எண்ணி எண்ணி ஓய்ந்துவிட்டோம். தாங்கள்தாம் ஒரு முடிவு சொல்லல் வேண்டும்" என்றார்.

தாளின் இடப்பக்கம் நகரம், வலப்பக்கம் புறநகர். வாடகை, கடன் தவணை, போக்குவரத்து நேரம், குடிநீர், காற்று, பள்ளி, மருத்துவமனை, அங்காடி எனப் பதின்மூன்று வரிகள். பதின்மூன்றையும் படித்தேன். 'ஊர்' என்னும் சொல் அத் தாளில் எங்கணும் இல்லை!

இஃது அவ்விருவரின் குறை மட்டும் அன்று. இற்றை இளைஞர் பல்லாயிரவர் இவ்வாறே எடைபோடுகின்றனர். அவ்வாறு எடைபோடுமாறே பழக்கப்பட்டுள்ளனர். கிண்டியைக் கடந்து தெற்கே வந்து பாருங்கள். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரையிலும், பழைய மாமல்லபுரச் சாலையின் இருமருங்கிலும், வானளாவிய விளம்பரப் பலகைகள் நின்று இளைஞரை விளிக்கின்றன. 'சிட்டி', 'அவென்யூ', 'என்கிளேவ்', 'லேக் வியூ' என எல்லாம் எங்கோ பிறந்த பெயர்கள். ஏரியைத் தூர்த்த மேட்டில் நின்றுகொண்டே ஏரிக்காட்சி என்று பெயரிடுவோரும் உளர். அவர்தம் துணிவை என்னென்பது! ஊரின் பெயரோ பலகையின் அடிமூலையில் எறும்பெழுத்தில் கிடக்கும். ஊரப்பாக்கத்து நிலம் வேண்டுமாம். ஊரப்பாக்கம் என்னும் பெயர் வேண்டாவாம்! தையூரின் நிலத்தடி நீர் வேண்டுமாம். தையூரார் உறவு வேண்டாவாம்! அதனாற்றான் மதிலும், வாயிற்காவலும், வருவோரைப் பதியும் ஏடும்.

புறநகர் நமக்குப் புதிதா? மதுரை மதிலுக்கு வெளியே புறஞ்சேரி இருந்ததைச் சிலப்பதிகாரம் கற்ற எவரும் அறிவர். கோவலனும் கண்ணகியும் யாவர்? பொருளிழந்து, பிறந்த ஊரை விட்டுப் பெருநகரில் புதுவாழ்வு தேடி வந்த இளம் இணையர் அல்லரோ! கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்மகள் மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். மாதரி வாடகை பேசினாளில்லை, முன்பணம் கேட்டாளில்லை. தன் ஆயர்பாடியில் மனையொன்று கொடுத்தாள். அடுதற்கு வேண்டுவன கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைத்தாள். பழகியதோ மிகச் சின்னாள். ஆயினும், அடைக்கலமாக வந்தவளுக்குக் கேடு நேர்ந்ததென அறிந்தபோது அவள் பொறுத்திருந்தாளில்லை. தீப்புகுந்து உயிர் நீத்தாள். ஊர் என்பது அது! வந்தவரைத் தன்னவராகக் கொள்வது ஊர். இன்று எட்டாம் மாடியில் குடியிருப்போர்க்கு எதிர்வீட்டாரின் பெயர் தெரியாது. ஒருவர் நோயுற்றுக் கிடந்தால் மருத்துவ வண்டியின் ஒலி கேட்டே மற்றவர் அறிகின்றனர்.

நம் காலத்திற்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. மறைமலையடிகள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் தமிழாசிரியப் பணியை விடுத்து, 1911இல் பல்லாவரம் சென்று குடியமர்ந்தார். அன்று அது நகருக்குப் புறத்தே இருந்த சிற்றூர். அவர் அங்கு உறங்குவதற்கு மட்டும் இடம் தேடவில்லை. அங்கிருந்தே நூல் எழுதினார். அங்கேயே பெரும் நூற்றொகை ஒன்றைத் திரட்டினார். 1916இல் தனித்தமிழ் உணர்வு கிளர்ந்ததும் அப் பல்லாவரத்து இல்லத்திலேதான். 1950இல் மறையும் வரை அவ்வூரே அவருக்கு ஊர். நகரை விட்டு வெளியேறிய ஒருவர் நகரமே திரும்பி நோக்கும்படி வாழ இயலும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ!

அப் பெருமகனார் பெயரில் 1980ஆம் ஆண்டளவில் ஒரு துணைநகரம் திட்டமிடப்பெற்றது. அதுவே மறைமலை நகர். நகரின் நெருக்கடியைக் குறைக்கத் தொழிலும் வீடும் ஒருங்கே அமைந்த தனி ஊர் ஒன்று வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்தே. ஆனால் ஊரின் உயிரை ஒரு சில தொழிற்சாலைகளின் கையில் ஒப்படைத்தால் என்ன நேரும்? அங்கே மகிழுந்து செய்துவந்த அமெரிக்கப் போர்டு நிறுவனம், இந்தியாவில் மகிழுந்து செய்வதை நிறுத்துவதாக 2021 செப்தம்பரில் அறிவித்தது. 2022இல் தொழிற்சாலை ஓய்ந்தது. ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்குவோம் என்று 2024இல் வேறோர் அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் கடன் தவணை நின்றதா? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நின்றதா? அந்நாளில் ஒருவரைத் தாங்குவது அயலாரும் ஊராருமே. ஊரையே அறியாதவனை யார் தாங்குவர்?

இனி நேரக் கணக்கிற்கு வருவோம். பீச்சு எனப்படும் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. அன்று முதல் தெற்கே செல்லச் செல்ல மனைவிலை குறைவு. செல்லச் செல்ல வாழ்நாளும் குறைவு! செங்கற்பட்டில் குடியிருந்து சென்னையில் பணிபுரிபவர், வாயிலிலிருந்து வாயில் வரை ஒரு போக்கிற்கு இரண்டு மணிநேரம் செலவிடுகின்றார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு, திங்களுக்கு இருபத்தைந்து நாள் எனின் நூறு, ஆண்டுக்கு 1,200 மணிநேரம். இரவும் பகலும் சேர்ந்த முழுநாள்கள் ஐம்பது! இருபதாண்டுக் கடன் தீர்வதற்குள் ஆயிரம் நாள்களை வண்டியில் தொலைப்பான். வைப்பகத்தார் கேட்கும் வட்டியை இளைஞர் காசு காசாகக் கணக்கிடுகின்றனர். சாலை கொள்ளும் இவ் வட்டியை யாரும் கணக்கிடுவதில்லை.

ஆட்சியாளரின் திட்டமோ குடியை முன்னே அனுப்பிவிட்டு வழியைப் பின்னே தேடுவது. 2023 திசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து முனையம் திறந்தார்கள். தொடர்வண்டித் தடம் அருகிலேயே செல்கின்றது. ஆயினும் திறந்த அன்று அங்கு ஒரு தொடர்வண்டி நிலையம் இல்லை! மூட்டையும் முடிச்சும் குழந்தையுமாக இறங்கியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர் அறிவர்.

நீரின் கதை இதனினும் கொடிது. எம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். செங்கழுநீர் பூத்தமையாற் பெயர் பெற்றது எம்மூர் என்பர். 1,189 சதுரக் கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்க 2022இல் ஆணை பிறந்தது. விரிந்தது நகரின் எல்லை. சுருங்கியவை ஏரியும் கழனியும். 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்மழை பள்ளிக்கரணையையும் பெரும்பாக்கத்தையும் சூழ்ந்தது. வெள்ளம் வீட்டிற்குள் வந்தது என்கின்றோம். வீடு வெள்ளத்தின் இடத்திற்குள் சென்றது என்பதே உண்மை. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி குப்பையாலும் கட்டடத்தாலும் அழிந்த பின்னரே, எஞ்சியதில் 1,247 எக்டேர் 2022இல் உலகச் சிறப்புடைய இராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது.

மழையில் மூழ்கும் இந் நிலமே கோடையில் வறள்கின்றது. 2019இல் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்தது. நகரின் விடாய் தீர்க்க மாமல்லபுரத்தை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் எழுந்தன. ஒன்று 2013இல், நாளொன்றுக்குப் பத்துக் கோடி இலிட்டர். மற்றொன்று 2024இல், பதினைந்து கோடி இலிட்டர். நீரளிப்பது எம் கடற்கரை, குடிப்பது நகரம். இடையில், பழைய மாமல்லபுரச் சாலையின் அடுக்ககத்தாரோ தண்ணீர்ச் சரக்குந்தின் வரவு நோக்கி நிற்கின்றனர். கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே வார இறுதி மாளிகைகளின் மதில்கள் நீள, தலைமுறை தலைமுறையாக அலையோடு வாழ்ந்த மீனவர் வீட்டு இளைஞன் தன் ஊரிலேயே ஒரு மனை வாங்க இயலாது நிற்கின்றான். அவன் எந்தத் தாளில் எடைபோடுவான்?

எடைபோடும் உரிமையே மறுக்கப்பட்டோர் இன்னும் பலர். நகரின் ஆற்றோரங்களில் வாழ்ந்த ஏழையரைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினர். பணி ஒருபுறம், குடியிருப்பு ஒருபுறம். பள்ளியாண்டின் நடுவிலேயே பெயர்க்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அடைக்கலம் பெற்றவளின் பெயரைச் சூட்டிவிட்டு, அடைக்கலத்தை மட்டும் தர மறந்தனர்! மதில்சூழ்ந்த அடுக்ககத்தில் ஒரு சாராரும், மாற்றிடக் குடியிருப்பில் மற்றொரு சாராருமாக ஒரே சாலையில் வாழ்கின்றனர். அவன் வீட்டில் இவள் பாத்திரம் துலக்குகின்றாள். எனினும் இருவர்க்கும் பொதுவான ஓர் ஊர் இல்லை.

"அப்படியானால் எல்லாரும் சிற்றூர்க்குத் திரும்பி ஏர் பிடிக்கச் சொல்கின்றீரா?" என்று சிலர் நகைப்பர். நான் அவ்வாறு சொல்லவில்லை. நகரம் இளைஞர்க்குத் தருவன உண்டு. சாதிக் கண்கள் பின்தொடராத தெருவும், பெண்ணுக்குத் தன் காலில் நிற்கும் பணியும் நகரில் எளிதாகக் கிடைக்கின்றன என்பதை மறுப்பவன் பொய்யன். பழைய ஊரில் எல்லாமே நன்று என்பவனும் பொய்யனே. எம் பக்கத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, 921ஆம் ஆண்டளவிலேயே குடவோலை முறையையும் ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததையும் சொல்கின்றது. அவ் அவையில் எல்லார்க்கும் இடமில்லை. அக் குறையை நாம் மறைக்க வேண்டா. அக் குறையைக் களைந்து, அந்த ஏரிப்பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றே சொல்கின்றேன். நகரமோ புறநகரோ, ஊரைத் தின்று வாழாதே, ஊராக வாழ். இதுவே என் வழக்கு.

அரசு செய்ய வேண்டுவன உண்டு. வீட்டுமனைக்கு ஒப்புதல் தருமுன் நீர்வழிக்கு ஒப்புதல் தேடுக. பணியிடத்தையும் பொது மருத்துவமனையையும் நூலகத்தையும் குடியிருப்போடு ஒருங்கே அமைக்க. இவற்றைக் கேட்டுப் பெறும் வாய் எவர்க்கு உண்டு? ஊர் உடையவர்க்கே உண்டு! சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் ஊராட்சிதோறும் ஊரவை கூடுகின்றது. அடுக்ககத்து இளைஞருள் எத்துணைப் பேர் அங்கு ஒருநாள் சென்று அமர்ந்துள்ளனர்? விடுமுறை என்று உறங்குகின்றனர். ஏரி விலைபோன பின் விழிக்கின்றனர்.

மாணவர் தந்த தாளை எடுத்து, அடியில் பதினான்காம் வரி ஒன்று எழுதினேன்: 'அவ்வூர் எம்மை அறியுமா? அவ்வூரை யாம் அறிவோமா?'

"தம்பி! நான் முடிவு சொல்ல மாட்டேன். நீ வாங்க எண்ணும் ஊருக்கு, விற்பவரின் மகிழுந்தில் அன்றித் தொடர்வண்டியில், பணிநாள் காலையில் ஒருமுறை வந்து திரும்பிப் பார். மழைநாளில் ஒருமுறை போ. ஏரிக்கரையில் நட, மதகு எங்கே, கலங்கல் எங்கே, மிகுநீர் போகும் கால்வாய் எங்கே என்று கண்ணாற் காண். தேநீர்க்கடையில் அமர்ந்து, 2015இல் நீர் எதுவரை வந்தது என்று முதியவரிடம் கேள். ஊர்ப்பள்ளியை எட்டிப்பார். இவ்வளவும் செய்த பிறகும் அங்கு வாழ உள்ளம் ஒப்பினால் வா; ஊரானாக வா. ஒப்பாவிடின் சைதாப்பேட்டையிலேயே இரு; அங்கும் உன் தெருவிற்கு ஊரானாக இரு" என்றேன்.

அவர் மனைவி தாளை வாங்கிப் பதினான்காம் வரியை மீண்டும் படித்தார். "மற்ற பதின்மூன்றிற்கும் விடை தெரியும் ஐயா, இதற்குத்தான் தெரியவில்லை" என்றார்.

இளைஞர்களே! தெரியவில்லை என்று உணர்தலே தொடக்கம். வீட்டின் விலையைக் கேட்குமுன் ஊரின் பெயரைக் கேளுங்கள். அப் பெயரைத் தமிழில் எழுதி வாயிலில் மாட்டுங்கள். அவ்வூர் ஏரியில் உமக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் காக்கும் கடனும் உண்டு. ஊரவை கூடும் அடுத்த நாளில் எழுந்து செல்க! உம் பிள்ளை நாளை 'என் ஊர்' என்று சொல்ல ஓர் ஊரை விட்டுச் செல்க!