அம்மாவின் கையைப் பார்த்து பிரஷ் வாங்குங்கள்!

"சித்த வைத்தியராச்சே, வேப்பங்குச்சியைப் பற்றி எழுதுவார்னு பார்த்தா, எலக்ட்ரிக் பிரஷ்ஷைப் பற்றி எழுதறாரே!" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆலங்குச்சி, வேலங்குச்சியின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் குச்சியை மென்று நாராக்கப் பல் வேண்டும். பிடித்துத் தேய்க்க விரலில் தெம்பு வேண்டும். 75 வயதில் இரண்டும் குறைந்துபோன அம்மாவிடம், 'அந்தக் காலத்துல...' என்று ஆரம்பிப்பது வைத்தியமல்ல, பிடிவாதம்!

மூட்டுவாதம், கைநடுக்கம், பக்கவாதம் வந்து தேறிய கை... இவர்களுக்கு மெல்லிய பிரஷ்ஷை இறுக்கிப் பிடிப்பதே பெரும்பாடு. 'விளக்கிட்டேன்' என்பார்கள். முன்பல்லைத் தவிர வேறெங்கும் பிரஷ் பட்டிருக்காது. ஈறு வீங்கும், பல் ஆடும். முதலில் முறுக்கு போகும், பிறகு காய்கறி போகும், கடைசியில் ரசம் சாதம்தான் மிஞ்சும். உடம்பு இளைக்காமல் என்ன செய்யும்? சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.

எலக்ட்ரிக் பிரஷ் கைகொடுப்பது இங்கேதான். தேய்க்கிற வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். பல் பல்லாக மெள்ள நகர்த்தினால் போதும். காக்ரேன் அமைப்பு 56 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று மாதத்துக்குமேல் உபயோகித்தவர்களுக்கு, சாதா பிரஷ்ஷைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவிகிதமும், ஈறு அழற்சி 11 சதவிகிதமும் குறைந்திருந்தன. அற்புதம் இல்லை, ஆனாலும் லாபம்தான்.

சரி, எதை வாங்குவது? விலையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கைப்பிடி பருமனாக, வழுக்காமல், கனமில்லாமல் இருக்கட்டும். தலைப்பகுதி சிறியதாக, 'சாஃப்ட்' ரகமாக இருக்கட்டும். ஒரே ஒரு பட்டன் போதும். செல்போனோடு இணைகிற வசதியெல்லாம் காசுக்குக் கேடு. இரண்டு நிமிடம் ஆனதும் தெரிவிக்கும் டைமர், அழுத்தித் தேய்த்தால் எச்சரிக்கும் வசதி... இந்த இரண்டுக்கும் தாராளமாகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பேட்டரி மூடியைத் திறந்து மூட வாதக்கையால் முடியாது. ஸ்டாண்டில் நிறுத்தி சார்ஜ் செய்வதே சுலபம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற, தனித் தலை உங்கள் ஊரில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

சில எச்சரிக்கைகள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கழற்றி மாட்டும் பல்செட்டை இதனால் தேய்க்கக் கூடாது. அதற்குத் தனி பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். கரகரப்பான பற்பொடியை இதில் தொட்டுத் தேய்த்தால் பல் தேய்ந்துவிடும். பிரஷ்ஷை வாய்க்குள் வைத்த பிறகே பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேஸ்ட் முகமெல்லாம் தெறிக்கும். முதல் நாளே பயந்துபோய் மூலையில் போட்டுவிடுவார்கள்! ஆரம்பத்தில் கூசத்தான் செய்யும். ஒரு வாரம் பக்கத்தில் நில்லுங்கள்.

முக்கியமாக, நீங்களே வாங்கி வந்து நீட்டாதீர்கள். கடைக்குக் கூட்டிப்போய் அம்மாவின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். 'எனக்கெதுக்குடா இந்த வயசுல?' என்பார்கள். 'முறுக்கு சாப்பிடத்தாம்மா!' என்று சொல்லுங்கள்.

விளக்கி முடித்ததும் வெதுவெதுப்பான திரிபலாக் கஷாயத்தால் வாய் கொப்பளிக்கட்டும். கஷாயம் என் கட்சி. பிரஷ் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன?