வாலி கேட்ட கேள்வி



போன ஞாயிற்றுக்கிழமை பழனியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் கைப்பேசியில் பிஜிஎம்ஐ விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று கத்தினான்: "மறைஞ்சிருந்து சுட்டுட்டான் தாத்தா! கேம்பர்! நேர்ல வரத் தைரியம் இல்ல."

தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு இது பழகிய குரல். கிட்கிந்தா காண்டத்தில் வாலி கேட்டதும் இதைத்தானே?

கேம்பர் என்றால் ஒரே இடத்தில் பதுங்கியிருந்து சுடுபவனாம். பேரன் விளக்கினான். நூறு பேர் இறங்குகிறார்கள், கடைசியில் மிஞ்சுபவருக்கு வெற்றி. புல் போர்த்தியது போன்ற கில்லி சூட் போட்டுப் படுத்துவிட்டால் பக்கத்தில் போகிறவனுக்கும் தெரியாது. தூரம் கூடினால் குண்டு தாழும், அதற்குத் தக்கபடி மேலே குறிவைக்க வேண்டும். ஒளிந்தே காலம் தள்ளவும் முடியாது. பாதுகாப்பு வட்டம் சுருங்கச் சுருங்க எழுந்து ஓடியாக வேண்டும். பொறுமையும் கணக்கும் கேட்கிற வேலைதான், மறுக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவனே ஒரு புதருக்குள் கிடக்கிறான். "இப்ப நீ?" என்றேன். "இது ஸ்ட்ராட்டஜி தாத்தா" என்றான். இரண்டு அணிக்கும் பேசுகிற ஆள்!

மறைந்து சுடுவது என் கவலை இல்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான். கம்பனில் வாலி தன் மார்பில் தைத்த அம்பைப் பறித்து அதிலுள்ள பெயரைப் படிக்கிறான். விளையாட்டிலும் சுட்டவன் பெயர் திரையில் வருகிறது. ஒற்றுமை அதோடு முடிந்தது. வாலி கேள்வி கேட்கிறான், ராமன் எதிரே நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் மறைந்து எய்தார் என்பதற்கு இலக்குவன் சமாதானம் சொல்கிறான்: நேரில் வந்திருந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய் என்று. அது போதுமா என்று நம் மேடைகள் இன்றும் வாதாடுகின்றன. இந்த விளையாட்டில் செத்தவன் லாபிக்குப் போய் அடுத்த ஆட்டம் தொடங்குகிறான். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. 2021ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதையும் முடக்கினார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தது. தடைக்குக் காரணம் தகவல் பாதுகாப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பும் வைத்தார்கள். கடிகாரம் நேரத்தைத்தான் எண்ணும்.

ஸ்னைப்பர் என்ற சொல்லே உள்ளான் வேட்டையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் இந்தியாவில் அந்தப் பறவையைச் சுட்டுத் திரிந்த காலத்துச் சொல். பிறகு மனிதனைச் சுடுபவனுக்குப் பெயராயிற்று.

என் பேரனுக்கு ராணுவத்தில் சேர ஆசை. சேரட்டும். ஆனால் அங்கே ஸ்கோப்பில் தெரிபவனுக்கு லாபி கிடையாது. சாகும் நேரத்தில் வாலி தன் மகன் அங்கதனை ராமன் கையில் ஒப்படைக்கிறான். அப்படி ஒரு பிள்ளை அவன் வீட்டிலும் இருப்பான். இதை அன்று இரவு பேரனுக்குக் கதையாகச் சொன்னேன். "அப்புறம் ராமன் என்ன சொன்னார்?" என்று இரண்டு முறை கேட்டான்.

பெற்றோரே, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு ஆட்டமாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் வாலியின் கேள்வியை அவனிடம் கேளுங்கள்.