தோட்ட வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை



பெரட்டுக்குப் போகிறவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் நமக்கிருப்பது ஒரே சாலைதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் அதே சாலையில்தான் வருகிறது. சிங்கப்பூர் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸும் விடிவதற்கு முன் அதே சாலையில்தான் பறக்கிறது. லோரிக்கும் காடிக்கும் தார் போட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கும் காலுக்கும் என்ன போட்டிருக்கிறார்கள்? தார் முடிகிற இடத்தில் ஒரு முழம் லாலான் புல். அதற்கு அப்பால் கால்வாய். மழை பெய்தால் அந்த ஒரு முழமும் சேறு.

சைக்கிள் என்ற பேச்சை எடுத்தாலே ஜொகூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி விடியற்காலை. ஜொகூர் பாரு உள்வட்டச் சாலையில் மணி மூன்றைத் தாண்டிய நேரத்தில், 'லாஜாக்' சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் கூட்டத்தில் ஒரு கார் மோதியது. 13 வயது முதல் 16 வயது வரையிலான எட்டுப் பிள்ளைகள் மாண்டார்கள். காரை ஓட்டிய பெண்ணை 2019-இலும் 2021-இலும் கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் ஆறாயிரம் வெள்ளி அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆறாண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. பெற்றவர்கள் மேல் குற்றம் என்றார்கள் சிலர், ஓட்டியவர் மேல் குற்றம் என்றார்கள் சிலர்.

தீர்ப்பைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சாலை இருட்டு, வளைவு, மேடு என்றெல்லாம் விசாரணையில் பேசப்பட்டதே, அந்த இருட்டைக் கூண்டில் ஏற்றியவர் யார்? கோர்ட்டு ஆளைத்தான் விசாரிக்கும், சாலையை விசாரிக்காது. சாலையை விசாரிக்க வேண்டியவர்கள் அதில் நடக்கிற நாம்.

நம் பக்கத்துக் குறையையும் மூடி மறைக்க வேண்டாம். பிரேக் இல்லாத, கைப்பிடி தாழ்த்திய, வயிற்றால் படுத்து ஓட்டுகிற சைக்கிளை எந்தத் தகப்பன் கண்டாலும் அன்றைக்கே கழற்றிப் போட வேண்டும். பெரியவர்களும் யோக்கியமில்லை. தீம்பாருக்குப் போகிற சைக்கிள்களில் எத்தனையில் விளக்கு எரிகிறது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காடி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஓட்டுகிறவர் நம்மைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே அந்த ஒரு நொடி போய்விடும். பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். பாரம் ஏற்றிய லோரி நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும். கறுப்புச் சட்டை போட்டு, விளக்கில்லாமல் போகிறவரை அந்த இருட்டில் எப்படிக் காண்பது? பின்னால் ஒரு சிவப்பு விளக்கு சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

ஆனால் விளக்கு மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களை நாம் நம்பவில்லை. குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால்தான் இரவென்றும் பகலென்றும் லோரி ஓடுகிறது. ஓட்டுகிறவரும் நம்மைப் போல் தொழிலாளிதான். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, மெதுவாகப் போ என்று சொன்னால் போவாரா? லோரியிலிருந்து உதிர்கிற பழத்தின் மேல் சைக்கிள் சக்கரம் ஏறினால் வழுக்கும். மேலே வலை போட்டுக் கட்டச் சொல்லுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பதற்கு எந்தக் கோர்ட்டுக்கும் போகவேண்டியதில்லை.

சைக்கிள் ஓட்டுவதற்குப் பேர்போன ஹாலந்து நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே அடுத்த ஆண்டு ஓர் இயக்கம் எழுந்தது. தாய்மார்களும் தகப்பன்மார்களும் பிள்ளைகளோடு தெருவில் இறங்கினார்கள். இன்று அங்கே சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிறதென்றால், கேட்டு வாங்கியதுதான். நம் நாட்டுக்கும் இது தெரியாத வித்தையல்ல. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டவர்கள்தானே! பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையை மூடி, இறுக்கமான உடை போட்டவர்கள் ஆயிரக்கணக்கான வெள்ளி சைக்கிளில் உலா வர வழி செய்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். வயிற்றுப் பிழைப்புக்காகத் திங்கட்கிழமை விடியலில் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் கொஞ்சம் வழி விட்டால் என்ன?

யாரிடம் கேட்பது? இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "அது எங்க ரோடு இல்லே" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதனால் முதலில் சாலையின் எண்ணைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. சிகாமட், லாபிஸ், யோங் பெங், ஆயர் ஈத்தாம், கூலாய் வழியாக வருகிற பழைய பெரிய சாலைக்கு எண் 1. பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகிற சாலைக்கு எண் 50. எண்ணுக்கு முன்னால் 'ஜே' என்ற எழுத்து இருந்தால் ஜொகூர் மாநிலச் சாலை. இரண்டுக்கும் பொதுப்பணி இலாகாவைத்தான் கேட்கவேண்டும். தாமான் சாலையென்றால் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். வாசலுக்கு உள்ளே என்றால் தோட்ட நிர்வாகம். எண்ணையும் கிலோமீட்டர் கல்லையும் குறித்து எழுதினால், "எந்த இடம்?" என்று கேட்டு மனுவைத் திருப்ப முடியாது. ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகட்டும்.

மேம்பாலம் வேண்டும் என்று பெரிதாகக் கேட்டு ஏமாற வேண்டாம். தோட்ட வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு மீட்டர் அகலத்துக்குக் கெட்டியான ஓரம், வாசலில் ஒரு விளக்கு, புல் வெட்டு, பள்ளிக்கூடத்தருகே வேகத்தடை மேடு, இவ்வளவு கேளுங்கள். பாதசாரியும் வண்டியும் கலக்கும் இடத்தில் வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடே சொல்லிவிட்டது. முப்பதில் அடிபட்ட பிள்ளை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அறுபதில் பிழைப்பது சந்தேகம். சங்கக் கிளையும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும்.

"வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பல்ல" என்று நிர்வாகம் சொல்லலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம், 24-ஆம் பிரிவு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேர்கிற விபத்தை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கணக்கில் எடுக்கிறது. வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பிவிட்டால்தான் சிக்கல். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நம்மோடு வேலை செய்கிற இந்தோனேசிய, வங்காளதேச, நேபாளத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. இன்று தோட்டத்தில் சைக்கிள் அதிகம் மிதிப்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அடிபட்டால் போலீசில் ரிப்போர்ட் செய்து, டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்தி, உடனே ஆபீசில் சொல்லிவிட வேண்டும். தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. "சைக்கிளில் விழுந்ததற்கெல்லாமா?" என்று கிராணி கேட்டால், எந்த வண்டி என்று சட்டம் கேட்கவில்லை ஐயா என்று மரியாதையாகவே சொல்லுங்கள்.