கற்பனைக்குப் படம் வேண்டுமா?

கற்பனை என்பது மனத்தில் படம் காண்பதே என்றும், அப்படம் துலக்கமாக இருக்கும் அளவுக்கே ஒருவரது கற்பனைவளம் அமையும் என்றும் கொள்ளும் நம்பிக்கை, பள்ளி வகுப்பறை முதல் தன்னம்பிக்கைப் பயிற்சி அரங்கு வரை கேள்வியின்றி வழங்கிவருகிறது. கண்ணை மூடிக் கடற்கரையைப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர், எல்லோருக்கும் ஏதோ ஒரு கடற்கரை தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறார். தெரியவில்லை என்பவரை முயலாதவர் என்றோ கற்பனை வறண்டவர் என்றோ ஒதுக்கிவிடுகிறார். எல்லோருக்கும் படம் தெரியும் என்பதும் தவறு, படம் தெரியாதவர்க்குக் கற்பனை இல்லை என்பதும் தவறு.

அன்று காலை உணவருந்திய மேசையை நினைவில் கொண்டுவந்து, அதன் ஒளியும் நிறமும் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று கூறுமாறு பிரான்சிஸ் கால்டன் பலரைக் கேட்டு, விடைகளை 1880-இல் வெளியிட்டார். அவர் முதலில் அணுகிய அறிவியலாளருள் பலர், மனத்தில் பார்ப்பது என்பதை அதுவரை வெறும் பேச்சு வழக்கென்றே எண்ணியிருந்தனர். விருப்பப்படி மனப்படத்தை எழுப்ப இயலாத இந்நிலைக்கு, ஆடம் சீமன் என்னும் நரம்பியலாளரும் உடன் ஆய்ந்தோரும் 2015-இல் ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டனர். நேரில் காண்பது போலவே மனப்படம் துலங்கும் எதிர்நிலை ‘ஹைப்பர்ஃபான்டேசியா’ எனப்படுகிறது. படம் அறவே தோன்றாதவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். மிக மங்கலாகத் தோன்றுவோரையும் சேர்த்தால் நால்வர் வரை ஆகலாம்.

எல்லோருக்கும் ஒரே அனுபவமே, சொல்லும் விதம்தான் வேறு என்று மறுப்போர் உண்டு. கால்டன் காலத்தில் இம்மறுப்புக்கு விடை கூறுவது கடினம், இன்று அவ்வாறில்லை. வெளிச்சமான வடிவத்தை மனத்தில் எண்ணும்போது பெரும்பாலோரின் கண்மணி, உண்மையான வெளிச்சத்தைக் கண்டதுபோலச் சற்றே சுருங்குகிறது. அஃபான்டேசியா உள்ளோரின் கண்மணியோ உண்மை வெளிச்சத்துக்குச் சுருங்கினாலும் எண்ணிய வெளிச்சத்துக்கு அவ்வாறு சுருங்குவதில்லை என்பதை ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சனின் குழு அளந்து காட்டியது. அச்சமூட்டும் கதையை இருட்டறையில் படிக்கவைத்து, வியர்வையால் தோலின் மின்கடத்துதிறன் மாறுவதைக் கணித்தபோதும், ஏனையோருக்கு ஏறிய அளவு இவர்களுக்கு ஏறவில்லை; அச்சமூட்டும் நிழற்படங்களைக் காட்டியபோது மட்டும் இரு சாராருக்கும் ஏறியது. ஆகவே அஞ்சும் இயல்பில் குறையில்லை. சொல்லைக் காட்சியாக்கும் இடைப்படிதான் இல்லை.

அந்தப் படி இல்லாததால் படைப்பாற்றல் குன்றிவிடுகிறதா என்பதற்கு, அசைவூட்டப் படத்துறையே விடை தருகிறது. 1989-இல் வெளிவந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் ஏரியல் என்னும் கடற்கன்னிக்கு உருவம் கொடுத்த ஓவியர் கிளென் கீன், மனத்தில் படம் காணாதவர். பிக்சார் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான எட் கேட்முல்லும் அப்படியே. மனத்தில் முழுதாகத் தெரிவதைத் தாளில் பெயர்த்தெழுதுபவரே ஓவியர் என்னும் பாமர எண்ணத்துக்கு மாறாக, கீனைப் போன்றோர் கோடு கோடாகத் தாளில் கிறுக்கி, திருத்தி, உருவத்தை அங்கேயே தேடி அடைகின்றனர். கேட்முல் தம் நிறுவனத்தாரிடையே நடத்திய கணக்கெடுப்பில், ஓவியரைவிடத் தயாரிப்பு மேலாளர்க்கே மனப்படம் துலக்கமாக இருக்கக் கண்டார் என்பது சிரிப்புக்கும் சிந்தனைக்கும் உரியது.

இதனால் வேறுபாடே இல்லை என்று வாதிடுவது மறுகோடிப் பிழையாகும். அஃபான்டேசியா உள்ளோருள் பலர், கடந்தகால நிகழ்ச்சிகளை விவரமாக நினைவுகூர முடியவில்லை என்கின்றனர். ஆயினும் வீட்டில் எத்தனை சன்னல்கள் என்று கேட்டால், படம் ஏதுமின்றி அறையமைப்பு பற்றிய அறிவைக் கொண்டே எண்ணிச் சொல்கின்றனர். பார்த்த அறையை நினைவிலிருந்து வரையச் சொன்ன ஓர் ஆய்வில், இவர்கள் வரைந்த பொருள்கள் குறைவு. அவை இருந்த இடமோ பிழைபடவில்லை, இல்லாத பொருளைச் சேர்த்த தவறும் ஏனையோரினும் குறைவு.

கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிகிறது என்று ஒரு மாணவர் கூறும்போது, ஆசிரியர் அதை உள்ளபடியே நம்பி, வரைந்தோ எழுதியோ பேசியோ அவர் தம் வழியில் தொடங்க இடம் கொடுக்க வேண்டும்.