கம்ப்யூட்டர் கணக்கும் தார் ரோடும்

புது ரோடு போடுகிறார்கள். ரிப்பன் வெட்டுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போவதற்குள் லாரிச் சக்கரம் ஓடும் தடத்தில் வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்துவிடுகிறது. “கன்ட்ராக்டர் தாரை விழுங்கிவிட்டான்” என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் தாரும் ஜல்லியும் அளவு குறையாமல் போட்ட ரோடும் கெட்டுப் போவது உண்டு. அங்கே பிழை நடந்தது ரோட்டில் அல்ல. ரோடு போடுவதற்கு முன்பு காகிதத்தில். செலவாவது பொதுஜனங்களின் பணம். ஆகையால் அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

இன்று பெரிய ரோடுகளின் கனத்தை என்ஜினீயர்கள் குத்துமதிப்பாக நிர்ணயிப்பதில்லை. தார் ரோடுகளுக்கென்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1970-ல் ஒரு விதி நூல் வெளியிட்டது. ஐ.ஆர்.சி. 37 என்று பெயர். அதன் 2018-ம் வருஷப் பதிப்பு, ‘ஐ.ஐ.டி. பேவ்’ என்ற கம்ப்யூட்டர் புரோகிராமைக் கொண்டு கணக்குப் போடச் சொல்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உருவான புரோகிராம் அது.

அது கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. ரோட்டில் எத்தனை அடுக்கு? ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு கனம், எவ்வளவு விறைப்பு? மேலே ஓடும் சக்கரத்தின் பாரம் என்ன? டயரில் காற்றழுத்தம் எவ்வளவு? இவற்றைச் சொன்னால், இரண்டு இடங்களில் என்ன நடக்கும் என்று அது சொல்லிவிடும். ஒன்று, தார் அடுக்கின் அடிப்பக்கம். அங்கே இழுபட்டு இழுபட்டு வெடிப்பு உண்டாகும். மற்றொன்று, எல்லாவற்றுக்கும் கீழே உள்ள மண்ணின் மேற்பரப்பு. அது அமுங்கி அமுங்கிப் பள்ளம் விழும். அந்த அமுக்கம் 10 சதவீதம் கூடினால், பள்ளம் விழாமல் ரோடு தாங்கும் ஆயுளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விதி நூலின் சூத்திரமே இதைச் சொல்கிறது. ஆகவே கொடுக்கும் எண்ணில் சிறு பிழையும் பெரிய நஷ்டமாக முடியும்.

முதல் எண் மண்ணைப் பற்றியது. மண்ணை அச்சில் இட்டு இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புத் தண்டை அதில் அழுத்திப் பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் பிறந்த சோதனை இது. சி.பி.ஆர். என்பார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற மண்ணுக்கு 2, 3 என்று வருவது சகஜம். சோதனையைச் சரியாகச் செய்யாமல் 3 வர வேண்டிய இடத்தில் 5 என்று ஒருவர் எழுதிவிட்டால், புரோகிராமுக்குப் போகும் விறைப்பு 30-லிருந்து 50 ஆகிவிடும். காகிதத்தில் ரோடு மெலிந்துவிடும், செலவும் குறைந்துவிடும். மண் மட்டும் பழைய மண்ணாகவே இருக்கும். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

இரண்டாவது எண் பாரம். அமெரிக்காவில் இல்லினாய் ராஜ்யத்து ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய பரீட்சை நடந்தது. பலவிதக் கனத்தில் ரோடு போட்டு, அதன்மேல் இரண்டு வருஷம் லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். அச்சின் பாரம் இரட்டித்தால் ரோட்டுக்கு வரும் சேதம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ 16 மடங்காகிறது என்பது அதில் கண்ட உண்மை.

இதை நம் தேசத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சில் ஏற்றக்கூடிய பாரத்தை 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கூடியது 13 சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்தப் பரீட்சையின் கணக்குப்படி சேதம் சுமார் 62 சதவீதம் கூடுகிறது. ஒரே நடையில் அதிகச் சரக்குப் போனால் வாடகை குறையும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய பாரத்தை எண்ணிப் போட்ட ரோடுகள் இந்தப் புதிய பாரத்தையும் சுமக்கின்றன. சட்டத்தை மீறி ஏற்றும் பாரம் இதற்கும் மேலே. எடை மேடையில் லாரிகளை நிறுத்தி அச்சு அச்சாக நிறுத்துப் பார்க்காமல், பழைய பைலிலிருந்து எண்ணை எடுத்து எழுதினால் எந்தப் புரோகிராமும் ரோட்டைக் காப்பாற்ற முடியாது.

போட்டு முடித்த ரோட்டைப் பரிசோதிக்கவும் வழி இருக்கிறது. சுமார் 4 டன் அடி ரோட்டில் விழும்படி ஒரு பளுவை மேலிருந்து போட்டு, ரோடு எவ்வளவு அமுங்குகிறது என்று வரிசையாக அளக்கும் கருவி உண்டு. அந்த அளவுகளை ‘கேஜிபி பேக்’ என்ற புரோகிராமில் கொடுத்தால், உள்ளே எந்த அடுக்கு எவ்வளவு விறைப்பு என்று பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்லும். 2014-ல் வந்த ஐ.ஆர்.சி. 115 என்ற விதி நூல் இந்த முறையை விவரிக்கிறது. இங்கேயும் அடுக்கின் கனத்தை நாம்தான் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் தார் 10 சென்டிமீட்டர் என்று இருந்து, உண்மையில் 8 சென்டிமீட்டர்தான் இருந்தால், புரோகிராமுக்கு அது தெரியாது. கனம் சரியாக இருப்பதாக நம்பி, தார்தான் பலவீனம் என்று சொல்லிவிடும். குழி தோண்டி அளந்து பார்த்தவனுக்கே உண்மை தெரியும்.

சர்க்காருக்கு நாம் சொல்வது இதுதான். ரோடு வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் பலகையில் செலவுத் தொகையோடு இன்னும் மூன்று விவரங்களை எழுதட்டும்: மண்ணின் சி.பி.ஆர். என்ன, எத்தனை லட்சம் அச்சுகள் ஓடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு அடுக்கும் எத்தனை சென்டிமீட்டர் கனம். முடிந்தபின், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன், கருவி வைத்துச் சோதித்த முடிவையும் அதே பலகையில் எழுதட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. எழுதும் எண்ணை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால், எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்தே எழுதுவார்.