பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிகிறதா? பம்பை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்!

கேள்வி: ‘‘மிளகாய், மல்லி மூட்டை ஏற்றிப்போக ஒரு பழைய பிக்-அப் வேன் வைத்திருக்கிறோம். பத்து நாளைக்கு ஒரு முறை பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்துவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கிடக்கிறது. பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பறிப்பு நேரத்தில் அவ்வளவு செலவு செய்ய முடியாது. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஹோஸை வெட்டி மாட்டிக்கொள்ளலாமா?’’

- வாசகர், திருச்சுழி வட்டாரம்.

பதில்: ஸ்பிரேயர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். அது பிரஷர் தாங்கும் ஹோஸ்தான். ஆனால், தண்ணீருக்கும் மருந்துக்கும் செய்தது. கொதிக்கும் ஆயிலில் இளகி, ஓட்டத்திலேயே பிய்த்துக்கொள்ளும். பம்பை மாற்றவும் அவசரப்பட வேண்டாம். ஆயில் குறைவதற்குப் பல வண்டிகளில் ஹோஸ்தான் காரணமாக இருக்கிறது. முதலில் கசிவது எந்த ஹோஸ் என்று தெரிந்தாக வேண்டும்.

இரண்டு ஹோஸ்... இரண்டு வைத்தியம்!

இன்ஜின் பெல்ட் சுற்றும்போது பம்ப் ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. அந்த வழியில் இருப்பது பிரஷர் ஹோஸ். இரண்டு முனையிலும் இரும்புக் குழாய் வைத்து பிரஸ் செய்திருப்பார்கள். பிக்-அப் வண்டியின் பின் டயரில் 50, 60 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுகிறோம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது பிரஷர் ஹோஸுக்குள் 1,000 பி.எஸ்.ஐ-க்கு மேல் போகும்.

வேலை முடிந்த ஆயில் டேங்குக்குத் திரும்பி வருவது ரிட்டன் ஹோஸில். இது சாதாரண ரப்பர் ஹோஸ். கிளிப் போட்டு இறுக்கியிருக்கும். அழுத்தம் குறைவு. டேங்குக்கும் பம்புக்கும் இடையே ஒரு ஹோஸ் இருந்தால், அதுவும் இந்த வகைதான்.

ரிட்டன் ஹோஸை வீட்டிலேயே சரிசெய்யலாம். பிரஷர் ஹோஸில் ஒட்டுப் போடும் வேலையே கூடாது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இன்ஜின் ஆறிய பிறகு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பம்ப், ஹோஸ், ஸ்டீயரிங் பெட்டி மூன்றையும் துடைத்துக் காய விடுங்கள். கீழே ஓர் அட்டையை விரியுங்கள். ஒருவர் இன்ஜினை ஓட விட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாக ஒடிக்கட்டும். மற்றவர் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துண்டு, வேட்டி நுனி ஃபேன் பக்கம் போகக் கூடாது.

ஆயில் வழிந்து கீழே வரும். காற்றில் பின்னாலும் சிதறும். அதனால், சொட்டும் இடத்தைப் பார்க்காமல், ஈரம் தெரியும் மிக உயரமான இடத்தைப் பாருங்கள். கோளாறு அங்கேதான்.

இன்ஜின் ஓடும்போது கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. ஊசி முனை அளவு ஓட்டையில் இருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல், உடனே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய், ‘ஆயில் உள்ளே பாய்ந்துவிட்டது’ என்று சொல்லுங்கள்.

ரிட்டன் ஹோஸ் கசிந்தால்...

பெரும்பாலும் கிளிப் தளர்ந்திருக்கும். இல்லையென்றால், முனை காய்ந்து வெடித்திருக்கும். நீளம் போதுமானால் வெடித்த முனையை வெட்டிவிட்டுப் புது கிளிப் போடலாம். ஹோஸ் முழுதும் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கடையில் ‘ஆயில் ஹோஸ்’ என்றே கேட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பிவிடும். சொட்டுநீர் டியூப் சூட்டில் இளகிவிடும்.

பிரஷர் ஹோஸ் கசிந்தால்...

இணைப்பு நட்டில் கசிந்தால், உள்ளே இருக்கும் செம்பு வாஷரையோ ஓ-ரிங்கையோ புதிதாகப் போட்டால் போதும். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும். பிரஸ் செய்த இடத்திலோ ரப்பரிலோ கசிந்தால் ஹோஸையே மாற்ற வேண்டும். எம்-சீல், சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி எதுவும் அந்த அழுத்தத்தில் நிற்காது.

கம்பெனி ஹோஸ் கிடைக்கவில்லையா? டிராக்டர், ஜே.சி.பி. வண்டிகளுக்கு ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகள் மதுரை, விருதுநகர் போன்ற ஊர்களில் உண்டு. பழைய ஹோஸைக் கழற்றிக் கொண்டுபோய், பவர் ஸ்டீயரிங் பிரஷர் ஹோஸ் என்று சொல்லி, அதே நீளத்தில் அதற்கேற்ற ஹோஸில் செய்யச் சொல்லுங்கள்.

காற்றை வெளியேற்ற வேண்டும்!

வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் பம்ப் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். முன் சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பக் கூடாது. இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் 15, 20 முறை மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். பிறகு, இன்ஜினை ஓட விட்டு மறுபடியும் திருப்புங்கள். நுரையும் ‘ங்ங்’ என்ற சத்தமும் நின்றால் வேலை முடிந்தது.

மறுபடியும் வராமல் இருக்க...

ஹோஸ் ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால், புது ஹோஸுக்கும் அதே கதிதான்.

உரசல்: ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்ப் கழன்றிருந்தால் சேஸிஸில் உரசித் தேயும். வண்டிப்பாதையில் குலுங்கும்போது இன்னும் வேகமாகத் தேயும். கிளாம்ப்பை ரப்பர் வைத்து இறுக்குங்கள்.

சூடு: சைலன்சர் பைப் பக்கத்தில் போகும் ஹோஸுக்கு, வெப்பம் தாங்கும் உறை போடுங்கள்.

முள்: சீமைக்கருவேல் கிளை கிடக்கும் தடத்தில் போய் வந்தால், குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். மாட்டிய கிளையை அப்படியே இழுக்காமல் வெட்டி எடுங்கள்.

எலி: மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் பானெட்டுக்குள் கூடு கட்டும்; ரப்பரையும் கடிக்கும். அங்கே நிறுத்த வேண்டியிருந்தால், காலையில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

ஓட்டும் முறை: லோடுடன் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். வண்டி மெல்ல நகரும்போது ஒடியுங்கள். கடைசி வரை ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. பிரஷர் உச்சத்துக்குப் போவது அப்போதுதான்.

ஆயில் தீர்ந்துவிட்டால் ஸ்டீயரிங் கழன்றுவிடாது. ஆனால், திடீரென இறுகும். லோடு வண்டியை வளைவில் திருப்ப முடியாமல் போகலாம். ஆயில் இல்லாமல் ஓடினால் பம்பும் தேய்ந்துவிடும். அப்போது, இன்று தேவைப்படாத அந்தப் பெரிய செலவு உண்மையிலேயே வந்து நிற்கும். சூடான சைலன்சர் பைப்பில் ஆயில் சிந்தினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் சரியல்ல. சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, இன்ஜின் சூடேறிவிடும்.

மாசி, பங்குனியில் விருதுநகர் சந்தைக்கு மிளகாய் கிளம்பும் முன்பே, தை மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அதன் பிறகு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை டேங்கில் ஆயில் அளவைப் பார்த்தால் போதும். குறைந்திருந்தால், ஊற்றிவிட்டு மறந்துவிடாமல் எங்கே போனது என்று தேடுங்கள்.