துளி சிறிது, பொறுப்பு பெரிது!

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. குளத்தூர்ப் பக்கம் நாற்று நடும் எங்கள் தாய்மாரிடம் எடுக்கும் அரை மில்லி இரத்தம் எவ்வளவு அருமையானது!

விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண்ணிக்கை குறையும். இ.டி.டி.ஏ. குழாயை உடனே மெல்லக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் இரத்தம் கட்டிவிடும். பனிக்கட்டியாக உறையவிட்டாலோ சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். 4 டிகிரி குளிரில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் எண்ணிவிட வேண்டும்.

ஒருநாள் கூலியை விட்டு வந்தவரை, "இரத்தம் கெட்டுவிட்டது, நாளை வா" என்பது நியாயமா? இயந்திரம் மட்டும் போதாது. குளிர்ப்பெட்டியும், எடுத்த நேரம் எழுதிய சீட்டும், பழகிய கையும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் பழகிய கை நம்முடையதாகட்டும் என்பேன்!